புறோவாவில் நின்றவர்

தேவாலய மண்டபத்தில் மீன் வெட்டிய கத்தியை வீட்டுக்கு எடுத்து வரும்படி ஒருமுறை அவரிடம் கேட்டேன். அதற்காக என்னோடு பத்து நாள் கதைக்காமல் இருந்தார். மண்டபத்திலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. கத்தியைக் கழுவி, கடதாசியில் சுற்றி, பைக்குள் வைத்து, பையின் வாயையும் கட்டித்தான் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"நான் கொண்டு போகமாட்டன். நீரே கொண்டு போம்."

"அண்ணை, இது மீன் வெட்டுற கத்தி."

"வெட்டினது மீன் எண்டு உமக்குத் தெரியும். பையைத் திறந்து பாக்கிறவனுக்குத் தெரியுமோ?"

பாக்கிறவன். அவருடைய வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது வரும் சொல் அதுதான். யார் அந்தப் பாக்கிறவன், எங்கே நின்று பார்க்கிறான் என்று ஒருபோதும் சொல்லமாட்டார். எங்களுக்குத் தெரியாத எவனோ ஒருவன் எந்நேரமும் எங்கள் பைகளையும் கைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுபோல நடந்துகொள்வார். அந்த ஒருவனுக்காக நாங்கள் எல்லோரும் நெளிந்து வாழவேண்டும் என்றும் எதிர்பார்ப்பார். எனக்கு அது அறவே பிடிக்காது. அவரையும் பிடிக்காது. பிடிக்காத மனிதர் ஒருவரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நியாயமாக எழுத வேண்டும் என்பார்கள். என்னால் முடிந்த அளவு பார்க்கிறேன்.

பலெர்மோவின் பழைய பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. பெரிய அறையில் நானும் தாசனும். தாசன் மன்னார்க்காரன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், எப்போதும் சிரித்த முகம். குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அவர். நாற்பது வயது கடந்திருக்கும். லிபெர்த்தா என்கிற பெரிய தெருவில் பணக்காரக் கட்டிடங்களின் மாடிப்படிகளைக் கழுவும் வேலை. எங்கள் இருவரையும் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். யாழ்ப்பாணத்து "நீர்" ஒரு வேண்டாத சொல். "நீங்கள்" என்கிற மரியாதையும் அதில் இல்லை, "நீ" என்கிற உரிமையும் இல்லை. ஆளை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கதைப்பதற்காகச் செய்த சொல்.

இனி "புறோவா" பற்றிச் சொல்லவேண்டும். இத்தாலிக்கு வந்த முதல் மாதத்திலேயே நாங்கள் எல்லோரும் பழகிவிடுகிற சொல் அது. வீட்டு வேலைக்குச் சேர்ந்தால் சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்காரி, முதல் இரண்டு கிழமை உங்களை "இன் புறோவா" என்று வைத்திருப்பாள். கோப்பை உடைக்கிறீர்களா, நேரத்துக்கு வருகிறீர்களா, அலுமாரிகளைத் திறந்து பார்க்கிறீர்களா என்று கவனிப்பாள். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் சனிக்கிழமையோடு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவாள். ஆகவே எங்கள் ஆட்களிடையே புறோவா என்றால் வேலைக்கு எடுத்துப் பார்ப்பது. அதற்கு வேறொரு அர்த்தம் இருக்கலாம் என்று எங்களில் எவரும் யோசித்தது கிடையாது.

அவர் நின்றது வேறு புறோவா. அது நீதிமன்றம் கொடுத்தது. தன் தம்பியை இன்னொருவரின் பாஸ்போர்ட்டில் கூட்டிவரப் போய் விமான நிலையத்தில் பிடிபட்டவர். தண்டனையில் ஒரு பகுதியை உள்ளே கழித்தபின், நல்லபடி நடந்து காட்டும்படி மிகுதிக் காலத்துக்குக் கண்காணிப்பில் வெளியே விட்டிருந்தார்கள். அந்த ஏற்பாட்டின் நீளமான இத்தாலியப் பெயரும் "இன் புறோவா" என்றுதான் முடியும். இன்ன நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும், அனுமதி இல்லாமல் நகர எல்லையைத் தாண்டக்கூடாது, ஆயுதமோ ஆயுதம் போலத் தெரிகிற எதுவுமோ அவரிடமும் அவர் இருக்கிற இடத்திலும் இருக்கக்கூடாது என்று அவருடைய கடதாசியில் எழுதியிருந்தது. தவறினால் மிச்சக் காலமும் சிறை. தவறாமல் முடித்தால், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அந்த மனிதருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இவ்வளவும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அவர் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த முதல் நாளே எங்கள் இருவரையும் குசினியில் இருத்திச் சொன்னார்.

"நான் புறோவாவிலை நிக்கிறன். அதை மனசிலை வைச்சு நடவுங்கோ. என்னாலை ஒரு பிழையும் விட ஏலாது."

நாங்கள் ஓம் என்றோம். புதிதாக ஏதோ வேலை கிடைத்திருக்கிறது, விடிய எழும்ப வேண்டும், சத்தம் போட வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. ஏதாவது கேட்டால் அதே பதில்: "நான் புறோவாவிலை எல்லே நிக்கிறன்." தாசனுக்குச் சிரிப்புத் தாங்காது.

"எந்தச் சிஞ்ஞோராவடா இந்தாளை அரை வருசமாப் புறோவாவிலை வைச்சிருக்கிறாள்? அவ்வளவு கேவலமாவோ படி கழுவுறார்?"

இரண்டு கிழமைக்கு ஒருமுறை வியாழக்கிழமை பின்னேரம் சட்டையை மடிப்புக் கலையாமல் அழுத்திப் போட்டுக்கொண்டு, ஒரு கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சிஞ்ஞோராவைக் காணப் போறன்" என்று புறப்படுவார். அந்தச் சிஞ்ஞோரா அவரைக் கண்காணித்த சமூக சேவை அலுவலர். நாங்களோ, பாவம், வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தோம். அவருக்குப் பின்னால் "புறோவா அண்ணை" என்று பேரும் வைத்தாயிற்று. சில பின்னேரங்களில் இரண்டு பொலிஸ்காரர் வந்து அவர் நிற்கிறாரா என்று பார்த்து, எழுதிக்கொண்டு போவார்கள். பெர்மெஸ்ஸோ என்கிற எங்கள் தங்கும் அனுமதியைப் பற்றிய விசாரணையாக்கும் என்று நாங்கள் கட்டிலுக்குக் கீழே இருந்த கோவைகளை இழுத்து வெளியே போடுவோம். அவர்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். இந்த மனிதரால் வீட்டுக்குப் பொலிஸ் வருகிறது என்ற எரிச்சல் எனக்கு அதோடு ஏறியது.

தாசனின் அக்கா பகேரியாவில் இருந்தா. அவவின் மகளுக்கு முதல் நன்மை வாங்கும் கொண்டாட்டம். தாசன் அவரை முறையாகப் போய் அழைத்தான்.

"அது வேறை ஊர். வரமாட்டன்."

"ரெயினிலை பதினைஞ்சு நிமிசம் அண்ணை."

"பதினைஞ்சு நிமிசமெண்டாலும் வேறை ஊர்தானே. எழுதிக் கேக்கோணும். அதுக்கு நேரம் இல்லை."

யாருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று தாசன் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அந்தப் பெடியனுடைய முகம் சுருங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைக்கனம் பிடித்த மனுசன் என்று அன்று முடிவு கட்டினேன்.

அந்த வருடங்களில் லிபெர்த்தாவில் நீதிபதிகள் குடியிருந்த சில கட்டிடங்களின் வாசலில், மாபியாக்காரர் அவர்களைக் கொல்லாதபடி, இராணுவம் காவல் நின்றது. நான் பார்த்துக்கொண்ட கிழவரின் வீட்டுக்கு முன்னாலும் இரண்டு பேர், இருபது வயதுப் பிள்ளைகள், துவக்கோடு நிற்பார்கள். நானும் அவரும் சில காலைகளில் ஒரே பஸ்ஸில் போய் அங்கே இறங்குவோம். மாசிமாதத்துக் குளிருக்கு நான் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடப்பேன். அவர் விடமாட்டார்.

"கையை வெளியிலை எடும்."

"குளிருது அண்ணை."

"உமக்குக் குளிருது. பாக்கிறவனுக்கு நீர் எதையோ பிடிச்சுக்கொண்டு வாறீர்."

யாழ்ப்பாணத்தில் இதையெல்லாம் பார்த்துச் சலித்துத்தான் இங்கே வந்தோம். இங்கேயும் ஒருவர் பக்கத்தில் நடந்து அதை ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தால் வயிறு எரியாதா? வேண்டுமென்றே கைகளை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டு போவேன். அவர் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் போய்விடுவார். ஒரே வீட்டில் இருக்கிறவனை முன்பின் தெரியாதவன்போல விட்டுவிட்டுப் போவார்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் நாலு வயதுக் குழந்தை, சிவப்பு மூடி போட்ட விளையாட்டுத் துவக்கை அவருக்கு நேரே நீட்டி, பலெர்மோக்காரர் இழுக்கிற இழுவையிலேயே, "மானி இன் அல்த்தோ! மாமா, கையைத் தூக்குங்கோ!" என்றது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் கையிலிருந்த சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். குழந்தை அழத் தொடங்கியது. குழந்தையின் தாய் எங்களைப் பார்த்து, "எங்கையிருந்து பிடிச்சனீங்கள் இந்த மனுசனை?" என்று கேட்டா. எங்களுக்குத் தலைகுனிவு.

இப்படிப்பட்ட மனிதர் இருந்த வீட்டுக்குத்தான் தாசன் சொஃப்ட் எயார் என்கிற விளையாட்டுத் துவக்குகளைக் கொண்டுவந்தான்.

மார்கழியில் தேவாலயத்து நத்தார் விழாவுக்கு மண்டபத்தில் நாடகம். எழுதியது நான். ஊரில் ஒரு சோதனைச்சாவடி, அதில் இரண்டு ஆமிக்காரர், வைத்தியசாலைக்குப் போக வந்து மறிபடுகிற ஒரு தாய். ஆமிக்காரராக நானும் தாசனும். தாசன் சந்தையில் ஒரு கடையில் இரண்டு கைத்துவக்குகளை வாங்கி வந்தான். கறுப்புப் பிளாஸ்டிக். ஆனால் கையில் எடுத்தால் பாரம், மேல்பாகத்தை இழுத்து விட்டால் உண்மையானதுபோல "டக்" என்று பூட்டும் சத்தம். மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் மணிகளைச் சுடும். குழாயின் வாயில் மட்டும் கட்டைவிரல் நுனி அளவுக்குச் சிவப்பு மூடி.

அவர் பெட்டியைத்தான் முதலில் எடுத்தார். துவக்கைத் தொடவில்லை. பெட்டியின் பின்னால் இருந்த எறும்பு எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்து, எங்களுக்கு வாசித்துத் தமிழில் சொன்னார். சுடுகிறவன் மட்டும் அல்ல, அறையில் நிற்கிற எல்லோருமே கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். சுடப் போகிற நேரம் வரைக்கும் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். ஆளை நோக்கி நீட்டக் கூடாது. தெருவில் கையில் கொண்டு திரியக் கூடாது, மூடிய பையில்தான் கொண்டு போக வேண்டும். சிவப்பு மூடியைக் கழற்றக் கூடாது.

"மணிக்கூட்டைக் கழட்டினாப் பிறகும் குழாய்க்குள்ளை ஒண்டு நிக்கும்" என்று பெட்டியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். மணிகள் இருக்கிற கூட்டைத்தான் மணிக்கூடு என்றார். தாசன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது விளையாட்டுச் சாமான் அண்ணை."

"ஆர் சொன்னது? பெட்டியோ? பெட்டியைக் கழுத்திலை கட்டிக்கொண்டே திரியப் போறீர்?"

அவர் அறைக்குள் போனதும் நடைபாதையில் மீன் ரின்களை அடுக்கிவைத்துச் சுட்டுப் பழகினோம். மூன்றாவது சூட்டிலோ நாலாவதிலோ மணி சுவரில் பட்டுத் திரும்பி வந்து தாசனின் புருவத்துக்குக் கீழே அடித்தது. அரை விரற்கடை தாழ்ந்திருந்தால் கண் போயிருக்கும். இமை பலாச்சுளை மாதிரி வீங்கிவிட்டது. அவர் கதவைத் திறந்து பார்த்தார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தாசனின் கையில் வைத்தார். "நான் சொன்னனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லியிருப்பேன். சரியாகச் சொன்ன ஒருவர் அதைச் சொல்லியும் காட்டும்போது வருகிற ஆத்திரம் வேறு எதற்கும் வராது.

விழாவுக்கு முதல்நாள் ஒத்திகையில் பார்த்தால் ஆமிக்காரனின் துவக்கு சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. நாடகத்தில் அந்தத் தாய் கதறி அழுகிற இடத்தில் முன்வரிசையில் எல்லோரும் அந்தப் பொட்டைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து கத்தியை அடுப்பில் சூடாக்கி, குறடும் பிடித்து, இரண்டு மூடிகளையும் கழற்றினேன். கழற்றியபின் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தேன். இனி அதற்கும் உண்மையானதற்கும் வித்தியாசம் தெரியாது. நல்லது, அதுதானே வேண்டும் என்று நினைத்தேன்.

மூடிகள் குசினி மேசையில் கிடந்ததை அவர் கண்டுவிட்டார்.

"நான் இருக்கிற வீட்டிலை இது இருக்கக் கூடாது. இப்பவே கொண்டு போம்."

"வீடு மூண்டு பேருக்கும் சொந்தம் அண்ணை. நாளைக்கு நாடகம் முடியக் கொண்டு போறம்."

"நான் புறோவாவிலை நிக்கிறன் காணும்! உமக்கு விளங்குதோ இல்லையோ?"

"துவக்குக்கும் உங்கடை வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் நக்கல் அடிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் மண்டபத்துக்குப் போனால் தேவாலயத்து ஃபாதர் வாசலில் நிற்கிறார். பையை வாங்கித் திறந்து பார்த்தார். "மூடி இல்லாமல் இதுகளை என்ரை கோயிலுக்குள்ளை கொண்டு வரக் கூடாது" என்று தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அவருக்குச் சொன்னது யார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. மேடையில் நானும் தாசனும் துவக்குக்குப் பதில் நிலம் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தாய் வந்து என் காலில் விழுகிற இடத்தில் பின்னாலிருந்து ஒருவன், "அம்மா, எழும்புங்கோ, அவங்கள் கூட்டிப்போட்டுப் போகட்டும்!" என்று கத்தினான். மண்டபம் வெடித்தது. அழவைக்க எழுதிய என் நாடகத்தை அவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் ஃபாதர் துவக்குகளைத் திருப்பித் தந்தார், எறிந்துவிடும்படி. தாசன் தன்னுடையதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டான். நான் போடவில்லை. சனிக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என்னுடையதை அவருடைய மெத்தைக்கு அடியில் வைத்தேன். துவக்கைக் கண்டால் நடுங்குகிற மனிதர் அதற்கு மேலேயே படுத்து எழும்பட்டும். அவ்வளவுதான் நோக்கம். நோக்கம் அவ்வளவுதான் என்று நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் விரிப்பு மாற்றுகிற நாள். நானும் தாசனும் குசினியில் தேத்தண்ணீரோடு காது கொடுத்துக்கொண்டு இருந்தோம். மெத்தை புரளும் சத்தம் கேட்டது.

"இஞ்சை வாரும்" என்றார்.

போனேன். மெத்தை புரட்டிக் கிடந்தது. பலகையின் மேல் துவக்கு. அவர் சுவரோடு ஒட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதை எடும்."

"உங்கடை மெத்தைக்குக் கீழை இருக்கிறது என்ரையோ?"

"பகிடி விடாதையும். நான் இதைத் தொடமாட்டன். வெளியிலை கொண்டு போகவும் என்னாலை ஏலாது. வீட்டிலை வைச்சிருக்கவும் ஏலாது. எடும் தம்பி."

வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தம்பி என்று சொல்கிறார். அந்தச் சொல்லை ஒரு வெற்றிபோல வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு அது இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் காலை முழுவதும் இனித்தது.

"பின்னேரம் வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, தாசனையும் கூட்டிக்கொண்டு மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனேன். கூட்டாளி ஒருவன் வேலை செய்த உணவகத்தின் பின்கதவில் நின்று மீன்பொரியல் சாப்பிட்டோம். நடந்ததை இரண்டு தரம் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது படியிலேயே குரல்கள் கேட்டன. வழக்கமாக வருகிற இரண்டு பொலிஸ்காரர்கள் நடைபாதையில் நின்றார்கள். அவர் கதவைத் திறந்ததும் தானாகவே சொல்லியிருக்கிறார், உள்ளே ஒன்று இருக்கிறது, தான் தொடவில்லை என்று. ஒளித்துப் பிடிபடுவதைவிடச் சொல்வது நல்லது என்று கணக்குப் போட்டிருப்பார். காலையிலிருந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, நடைபாதையில் ஒரு கதிரை போட்டு அதில் இருந்திருக்கிறார். சமையல் நடந்த அடையாளம் எதுவும் குசினியில் இல்லை. பொலிஸ்காரரில் ஒருவன் துவக்கை ஒரு பையில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவர் என்னைக் கண்டதும் நேரே விரல் நீட்டினார்.

"அவன்ரை. அவன்தான் வைச்சவன்" என்று இத்தாலியனில் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், "சொல்லு. உன்ரை எண்டு சொல்லு" என்றார்.

"நீர்" போய்விட்டது.

பொலிஸ்காரன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "உன்னுடையதா?"

என் பெர்மெஸ்ஸோ அப்போது புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் இருந்தது. அதற்கான ரசீது என் சட்டைப்பையில் மடித்தபடி இருந்தது. பொலிஸ், துவக்கு, என் பேர் மூன்றும் ஒரே கடதாசியில் வந்தால் என்ன ஆகும் என்று மட்டும்தான் தலைக்குள் ஓடியது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். இத்தாலியனில் அது மூன்றே சொல். பொலிஸ்காரன் தலையாட்டினான். அவர் தண்டிக்கப்பட்டவர் என்று அவனுக்குத் தெரியும், என்னைப் பற்றி எதுவும் தெரியாது. யாரை நம்புவான்? அவரை வாக்குமூலம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்த இருவரில் இளையவன் என்னிடம், "இவர் சிறைக்குப் பதிலாக வெளியே நிற்கிறவர் என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டான். அந்தப் புறோவாவுக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று இரவே அவரை அனுப்பிவிட்டார்கள். நீதிபதி பார்த்து முடிவு சொல்ல இரண்டு மூன்று நாளாகும் என்றார்களாம். வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தெரிஞ்சுதானே வைச்சனீ?"

"சத்தியமாத் தெரியாது அண்ணை. புறோவா எண்டால் வேலையாக்கும் எண்டு நினைச்சம்."

"எத்தினை தரம் சொன்னனான்? எத்தினை தரம்!"

"நாங்கள் விளங்கினது வேறை..."

அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் சொன்னதில் ஒரு சொல்லைத்தானும் அவர் நம்பவில்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"சரி. தெரியாமலே செய்தாய் எண்டு வைப்பம். இப்ப தெரியுந்தானே? போய்ச் சொல்லு. உன்னை ஒண்டும் செய்யமாட்டாங்கள். ஏசிப்போட்டு விடுவாங்கள். உனக்கு அது விளையாட்டுச் சாமான். எனக்குத்தான் துவக்கு. ஃபாதரையும் கூட்டிக்கொண்டு போ, அவர் கண்டவர்தானே. என்ரை மனுசி ஒண்டரை வருசமா அந்த லொட்ஜிலை கிடக்கிறாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை."

யோசிக்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை வேலை இருந்தது. செவ்வாய்க்கிழமை குவெஸ்தூரா இருக்கும் தெரு வரைக்கும் போனேன். வாசலில் எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், என்னைக் கண்டு கையசைத்தார்கள். உள்ளே போய் என்ன சொல்வது? மூடியைக் கழற்றினது நான், ஒளித்து வைத்தது நான், ஞாயிற்றுக்கிழமை பொய் சொன்னதும் நான் என்றா? பெர்மெஸ்ஸோ வந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். தாசனும், "நானும் வரட்டோ மச்சான்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் வேலைக்குப் போனார், நேரத்துக்கு வந்தார், சமைத்தார், சட்டியைக் கழுவி வைத்தார். ஒவ்வொரு பின்னேரமும் என் முகத்தை ஒருதரம் பார்ப்பார். பார்த்துவிட்டு அறைக்குள் போவார். புதன்கிழமை கடதாசியோடு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சின்னப் பைதான் கொண்டு போனார். அதை முதல் நாளே அடுக்கி வைத்திருந்தார்.

இப்போதும் எனக்கு அவரைப் பிடிக்காது. சொன்னது எல்லாவற்றிலும் சரியாக இருந்த மனிதரை எப்படிப் பிடிக்கும்? கண்ணாடி போடு என்றார், சரி. மூடியைக் கழற்றாதே என்றார், சரி. உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றாரே, அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும். அதை நினைக்கும்போதுதான் அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. வேறு யார்மேல் வரவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தாசன் அடுப்பில் நின்றான். நான் எடுத்தேன். நெடுந்தூரத்துச் சத்தம், பிறகு ஒரு பெண்குரல்.

"ஹலோ, கொழும்பிலையிருந்து கதைக்கிறன். அவர் நிக்கிறாரோ? இந்தக் கிழமை அவர் எடுக்கேல்லை. அவசரமெண்டால் மட்டும் எடு எண்டுதான் இந்த நம்பரைத் தந்தவர்."

"வேலைக்குப் போட்டார் அக்கா."

"ஞாயிற்றுக்கிழமையுமோ? பாவம். அப்ப வந்தவுடனை சொல்லுங்கோ தம்பி, பிள்ளையின்ரை பாஸ்போர்ட் வந்திட்டுது எண்டு. படமும் நல்லா வந்திருக்கு. மறந்துபோகாமல் சொல்லுவீங்களே?"

"ஓம் அக்கா. சொல்லுறன்."

"ஆர் தம்பி கதைக்கிறது? பேரைச் சொல்லுங்கோ. ஆரிட்டைச் சொன்னனான் எண்டு எனக்கும் தெரியவேணுமெல்லே."

தாசன் அகப்பையோடு திரும்பி என்னைப் பார்த்தான்.

"தாசன், அக்கா" என்றேன்.